மீண்டும் மீண்டும் விழுகிறவன் வேஷதாரியா?



ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை வழங்கும் நேரத்தில் கோவிலின் பின்பக்கத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மனைவியும் பிள்ளைகளும் வரிசையில் முன்னே போக, தூணோடு சாய்ந்தபடி நின்றுவிடும் குடும்பத் தலைவர்கள் சிலர் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். இவர்களை விசுவாசம் அற்றவர்கள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. பெருநாள் என்றால் பந்தல் போடவும் சுருவம் தூக்கவும் முதலில் வந்து நிற்பவர்கள் இவர்களே. ஏன் நன்மை வாங்குவதில்லை என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: "எத்தனை தரம் சங்கீர்த்தனம் செய்தும் அதே பாவத்திலைதான் திரும்பவும் விழுகிறேன், சுவாமி. பிறகு ஏன் கடவுளுக்கு முன்னாலை கள்ள வேஷம் போடுவான்?"

(பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எழுதுகிறேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அதற்கு எந்தக் குருவுக்கும் உரிமை இல்லை. இது வீட்டு விறாந்தைகளிலும் மரண வீட்டுப் பந்தல்களிலும் எல்லோரும் கேட்கச் சொல்லப்படும் பேச்சு.)

இதற்கு நேர்மாறான பேச்சு ஒன்றும் உண்டு. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். "இந்த ஆசைகளைக் கடவுள்தானே வைத்தார்? இயற்கையாக வருவதற்கு எதிராக ஏன் போராட வேண்டும்?" என்பது அவர்களுடைய வாதம். முன்னவர் தம்மைக் கடுமையாகத் தீர்ப்பிடுகிறார். பின்னவர் தம்மைத் தீர்ப்பிடவே மறுக்கிறார். ஆனால் இருவரும் வந்து சேரும் இடம் ஒன்றே: போராட்டம் நின்றுபோகிறது. ஆகவே இந்த வாரம் அந்தப் போராட்டத்தைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறோம். ஞானஸ்நானம் பெற்று, சென்மப்பாவம் கழுவப்பட்ட ஒரு கிறிஸ்தவனுக்குள் பாவ நாட்டம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? அது இருப்பதே ஒரு பாவமா?

புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தை இன்று இரவு குடும்ப செபத்தின்பின் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். தமக்கு எது நன்மை என்று தெரிகிறது, அதை மனமார விரும்பவும் செய்கிறார். ஆனால் கைகள் செய்வது வேறொன்றாக இருக்கிறது என்று அவர் முறையிடுகிறார். தம் அவயவங்களில் இன்னொரு சட்டம் இருந்துகொண்டு, தம் மனத்தின் சட்டத்தோடு போர் புரிகிறது என்கிறார். இங்கே "நான்" என்று பேசுபவர் யார் என்பது மறைநூல் அறிஞரிடையே பழைய வழக்கு. கிறிஸ்துவை அறியுமுன் மோயீசனின் சட்டத்தின் கீழ் வாழ்ந்த மனிதனின் குரல் இது என்பர் சிலர். திருமுழுக்குப் பெற்றவனின் குரலே என்பர் வேறு சிலர். புனித அகுஸ்தீன் தம் குருத்துவ வாழ்வின் தொடக்கத்தில் முதலாவது கருத்தையே கொண்டிருந்தார். வயது செல்லச் செல்ல, பெலாஜியுஸ் என்பவரின் போதனையோடு மோதிய காலத்தில், இரண்டாவது கருத்துக்கு வந்தார். அவர் கருத்து மாறியது நூலறிவால் மட்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்காக மந்தை மேய்த்தவர், மந்தையையும் தம்மையும் பார்த்துத்தான் மாறியிருக்க வேண்டும்.

இந்த வழக்கில் திருச்சபை மௌனமாய் இருக்கவில்லை. 1546ஆம் ஆண்டு யூன் 17ஆந் திகதி நடந்த திரெந்துப் பொதுச்சங்கத்தின் ஐந்தாம் அமர்வு இதைப்பற்றித் தெளிவாகவே போதித்தது. ஞானஸ்நானத்தால் பாவம் உண்மையாகவே நீக்கப்படுகிறது. ஆயினும் பாவ நாட்டம் எஞ்சியிருக்கிறது; நாம் எதிர்த்துப் போராடுவதற்காகவே அது விடப்பட்டிருக்கிறது; அதற்குச் சம்மதியாமல் கிறிஸ்துவின் அருளால் எதிர்த்து நிற்பவர்களுக்கு அதனால் கேடு செய்ய முடியாது. சின்னப்பர் அதைச் சில இடங்களில் பாவம் என்று அழைத்தாலும், அது பாவத்திலிருந்து வந்ததாலும் பாவத்துக்குச் சாய்ப்பதாலுமே அப்படி அழைக்கப்படுகிறது என்பது சங்கத்தின் விளக்கம். மார்ட்டின் லூத்தர் இந்த நாட்டத்தையே பாவம் என்று கொண்டார். அன்று கிறிஸ்தவர்களைப் பிரித்த கேள்விகளுள் இதுவும் ஒன்று. 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஒப்பமிட்ட கூட்டறிக்கை, இவ்விடயத்தில் இரு பக்கத்தாரும் சொல்ல விரும்பியதைப் பொறுமையோடு விளக்கி, நெடுங்காலக் கசப்பைப் பெரிதும் குறைத்தது.

அந்தச் சங்கம் பாவ நாட்டத்துக்குப் பயன்படுத்திய இலத்தீன் சொற்களில் ஒன்றுக்கு, நெருப்பு மூட்ட உதவும் காய்ந்த சருகு என்பது பொருள். நமது குசினிகளில் அடுப்பு மூட்ட எடுத்து வைக்கும் பன்னாடையை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னாடை மூலையில் கிடப்பதால் வீடு எரிவதில்லை. ஆனால் அதன்மேல் தீக்குச்சியை எறிந்துவிட்டு, நான் நெருப்பு வைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது.

எனவே ஓர் ஆசை மனதில் எழுவது வேறு, அதற்கு மனம் சம்மதிப்பது வேறு. எகிப்தியப் பாலைவனத்தில் தவம் செய்து 399ஆம் ஆண்டளவில் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். இவரின் எட்டு எண்ணங்களைப் பின்னர் பாப்பரசர் பெரிய கிரகோரியார் திருத்தி அமைத்ததிலிருந்தே, ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழும் வந்தன. அந்த எண்ணங்கள் வந்து நம்மைத் தொல்லைப்படுத்துவதும் படுத்தாததும் நம் வசத்தில் இல்லை. அவை நம்மிடம் தங்குவதும் தங்காததுமே நம் வசத்தில் உள்ளன என்பது எவாகிரியுஸின் போதனை. புனித அகுஸ்தீன் இதை மூன்று படிகளாகக் காட்டினார். முதலில் தூண்டுதல், அடுத்து அதில் இன்பங்கொள்ளுதல், கடைசியாகச் சம்மதம். ஏதேன் தோட்டத்தில் பாம்பு, ஏவாள், ஆதாம் என்று மூவர் நின்றது போல என்று அவர் ஒப்பிட்டார். நடுப்படியிலே தயங்கி நிற்கும் நேரந்தான் நம்மில் அநேகருக்கு உண்மையான போர்க்களம். அங்கே முழுச் சம்மதமும் இல்லை, முழு மறுப்பும் இல்லை. அந்த நேரம் எவ்வளவு நீளுகிறது என்பதை அவரவர் மனச்சாட்சி அறியும்.

அகுஸ்தீனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். அவரைப் பலரும் பாதிக் கதையாகவே அறிந்திருக்கிறார்கள். கெட்ட மகன், அழுத தாய், ஒரு நாள் மனந்திரும்புதல், பிறகு புனிதர் என்று பிரசங்கங்களில் கேட்டுப் பழகிவிட்டோம். அவரே எழுதிய "பாவ அறிக்கை" என்ற நூல் இவ்வளவு எளிதாக முடிவதில்லை.

354ஆம் ஆண்டு வட ஆபிரிக்காவின் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். கார்த்தேஜ் நகருக்குப் படிக்கப்போன காலத்திலிருந்து, மணம் முடிக்காமலே ஒரு பெண்ணோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்களுக்கு ஒரு மகனும் பிறந்தான். மிலான் நகரில் பேராசிரியராக உயர்ந்தபின், தகுதியான இடத்தில் திருமணம் பேசப்பட்டதும், அந்தப் பெண் ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். மணமகளுக்கு வயது வர இரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கிடையில் அகுஸ்தீன் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். இதை மறைக்காமல் எழுதியவர் அவரே. அந்தத் தாயின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. அவள் இனி வேறு ஆடவனை அறிவதில்லை என்று நேர்ந்துகொண்டு போனாள் என்றும், அவளுக்கு இருந்த மன உறுதி தமக்கு இருக்கவில்லை என்றும் அவர் எழுதியிருப்பதை வாசிக்கும்போது, இந்தக் கதையில் புனிதத்துவம் யார் பக்கம் நின்றது என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் காலத்தில் தம் உள்ளம் எப்படிக் கட்டுண்டது என்பதை அவர் ஒரு சங்கிலியாக விவரிக்கிறார். மனம் கோணியது, கோணிய மனத்திலிருந்து ஆசை பிறந்தது, ஆசைக்குப் பணிந்தபோது அது பழக்கமாயிற்று, பழக்கத்தை எதிர்க்காதபோது அது தவிர்க்க முடியாத தேவையாயிற்று. ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்தைப் பிடித்துக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிறர் பூட்டிய விலங்கு என்று அவர் சொல்லவில்லை. தம் சொந்த விருப்பமே அந்த இரும்பு என்று சொல்கிறார். விடிந்துவிட்டது என்று தெரிந்தும், எழும்ப விரும்பியும், இன்னும் சற்று நேரம் என்று பாயில் புரளுகிறவனைப் போல் தாம் இருந்ததாகவும் எழுதுகிறார். குடியை விட்டுவிட வேண்டும் என்று பெரிய வெள்ளிக்கிழமை உறுதி எடுத்து, உயிர்ப்பு ஞாயிறு பின்னேரத்திலேயே போத்தலைத் திறக்கும் மனிதருக்கு இந்த வரலாற்றுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அவருடைய நண்பர் அலீப்பியுஸின் கதையும் அந்நூலில் உண்டு. உரோமாபுரியில், மனிதரை மனிதர் வெட்டிக் கொல்லும் வாட்போர்க் காட்சிகளை அவர் அறவே வெறுத்தார். கூட்டாளிகள் அவரை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனபோது, உடலைத்தான் கொண்டு போகிறீர்கள், என் மனம் அங்கே வராது என்று சவால் விட்டு, ஆசனத்தில் அமர்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டார். கூட்டம் பெருங்கூச்சல் எழுப்பியது. என்னவென்று பார்க்கத்தான் கண் திறந்தார். அதன்பின் மூடவே இல்லை. வந்தவராய் இருந்தவர், மற்றவர்களை இழுத்து வருபவராய் மாறினார். பின்னாளில் அவரும் மனந்திரும்பித் தகாஸ்தே நகரின் ஆயரானார் என்பது வேறு கதை. இரவு பதினொரு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைத்தொலைபேசியில் ஒன்றைப் "பார்த்துவிட்டு மட்டும் வைத்துவிடுவேன்" என்று தொடங்கும் இளைஞன், பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்திய அந்த ஆசனத்தில்தான் அமர்ந்திருக்கிறான். அலீப்பியுஸ் தோற்றது காட்சியால் அன்று; தன் பலத்தில் அவர் வைத்த நம்பிக்கையாலேயே என்று அகுஸ்தீன் தீர்ப்புச் சொல்கிறார்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தியும் ஒன்று இருக்கிறது. நாம் தாய்மாரின் பாதுகாவலியாகப் போற்றும் புனித மொனிக்காவே சிறு வயதில் திராட்சை இரசத்துக்கு அடிமையாகும் நிலையில் இருந்தவர். வீட்டுப் பீப்பாயிலிருந்து இரசம் எடுத்துவர அனுப்பப்பட்ட சிறுமி, முதலில் நுனி உதட்டால் மட்டும் சுவைத்தாள். நாளடைவில் கிண்ணம் நிறையக் குடிக்கலானாள். வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி சண்டையின் நடுவே அவளைக் குடிகாரி என்று ஏசியபோதுதான் சுரீரென்று உறைத்து, அன்றோடு விட்டாள். அந்த வீட்டில் கட்டுப்பாடு குறைவாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பிள்ளைகளை வளர்த்த முதிய பணிப்பெண், சாப்பாட்டு வேளை தவிர்த்து அவர்களுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கவும் மறுத்தவள். அவ்வளவு காவல் இருந்தும் பீப்பாய்ப் பக்கத்தில் காவல் இருக்கவில்லை. பிள்ளையின் தொலைபேசியைப் பறித்து வைத்துவிட்டதோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணும் பெற்றோர் இதைச் சற்றுச் சிந்திக்கலாம்.

386ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மிலான் நகர்த் தோட்டமொன்றில், ஒரு பிள்ளையின் குரலைக் கேட்டு, சின்னப்பரின் நிருபங்களைத் திறந்து வாசித்து, அகுஸ்தீன் மனந்திரும்பினார். 387ஆம் ஆண்டு உயிர்ப்பு விழா இரவில் புனித அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். பிரசங்கங்கள் வழக்கமாக இங்கே நின்றுவிடுகின்றன. ஆனால் அந்நூலின் பத்தாம் பாகத்தை எடுத்துப் பாருங்கள். அதை எழுதும்போது அவர் இப்போ நகரின் ஆயர். வயது நாற்பதுக்கு மேல். திருமுழுக்குப் பெற்றுப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அப்போதும் பழைய காட்சிகள் கனவில் வந்து தம்மை அலைக்கழிப்பதாக ஒப்புக்கொள்கிறார். பசி தீரச் சாப்பிட உட்கார்ந்தால், தேவை எங்கே முடிந்து ருசி எங்கே தொடங்கியது என்று தமக்கே தெரிவதில்லை என்கிறார். சங்கீதம் பாடப்படும்போது பொருளைவிட இராகத்தில் மனம் போய்விடுகிறது என்று வருந்துகிறார். பல்லி பூச்சி பிடிப்பதைப் பார்த்தபடி செபத்தை மறந்து உட்கார்ந்துவிடுவதையும் எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர் புகழும்போது உண்டாகும் மகிழ்ச்சியைத் தம்மால் வெல்ல முடியவில்லை; அதை வெறுப்பதாகச் சொல்வதிலும் ஒரு புகழாசை ஒளிந்திருக்கிறது என்கிறார். தம் மந்தை வாசிக்கும் என்று தெரிந்தே ஓர் ஆயர் இதையெல்லாம் எழுதினார். தூணோடு சாய்ந்து நிற்கும் நம் சகோதரருடைய அளவுகோலால் அளந்தால், அவரும் பீடத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

இங்கே நீதியான ஒரு கேள்வி எழுகிறது. பழக்கம் தேவையாகிவிட்டது என்றால், சங்கிலியால் கட்டுண்டவன் செய்வதற்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்? கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் இக்கேள்வியைக் கையாண்டார். கல்லை எறிந்தவன் அதைத் திருப்பி அழைக்க இயலாது. ஆயினும் எறியாமல் இருந்திருக்கலாமே என்பது அவர் சொன்ன நியாயம். இது பாதி உண்மை. மற்றப் பாதியைத் திருச்சபை சொல்கிறது. 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அறியாமை, பயம், பழக்கம், அளவுமீறிய பற்றுக்கள் போன்றவற்றால் ஒரு செயலுக்கான பொறுப்பு குறையலாம், சில வேளை இல்லாமலும் போகலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே இருபதாவது தடவை விழுந்தவனின் பாவம் முதலாவது தடவையை விட இருபது மடங்கு பெரிது என்ற கணக்கு, நம் மனதில் நாமே போட்ட கணக்கு. அவனுடைய குற்றம் குறைந்திருக்கலாம், அவனுடைய நோய் கூடியிருக்கலாம். குற்றத்துக்கு வேண்டியது மன்னிப்பு, நோய்க்கு வேண்டியது மருந்தும் காலமும். சங்கீர்த்தனத்தில் நாம் இரண்டையும் கேட்டே போகிறோம். மதுவுக்கு முற்றாக அடிமையானவர், சங்கீர்த்தனத்தோடு வைத்தியரிடமும் போக வேண்டும். இதைச் சொன்னால் விசுவாசக் குறைவு என்று நினைக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவாகாது என்றால் இதுவும் ஆகாது.

புனித தோமஸ் அக்குவைனாஸ் இன்னொரு நுட்பத்தைக் காட்டுகிறார். கையை உயர்த்து என்று மனம் சொன்னால் கை உடனே உயர்கிறது; அடிமை எஜமானுக்குப் பணிவது போல. ஆசைகளும் கோபமும் அப்படிப் பணிவதில்லை. அவை தமக்கென்று ஓரளவு சுதந்திரம் உள்ள குடிமக்களைப் போன்றவை. புத்தி அவற்றை ஆள வேண்டிய விதமும் நல்ல அரசன் குடிகளை ஆளும் விதமே. குடிகள் எதிர்த்துப் பேசலாம், தாமதிக்கலாம். அரசன் அவர்களைப் பழக்கி, இணக்கி, நல்வழிக்குக் கொண்டுவர வேண்டும். தம் ஆசைகள் ஒரே கட்டளையில் அடங்கவில்லையே என்று மனம் உடைபவர்கள், குடிகளை அடிமைகளென நினைத்து ஏமாந்தவர்கள்.

அளவுக்கு மிஞ்சிய பயமும் ஒரு சோதனையே. புனித இஞ்ஞாசியார் 1521ஆம் ஆண்டு பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் காலில் அடிபட்டு, படுக்கையில் மனந்திரும்பியவர். மறு ஆண்டு மன்ரேசா என்ற ஊரில் தவம் செய்துகொண்டிருந்தபோது, சொல்லிமுடித்த பாவங்களைச் சரியாகச் சொன்னேனா என்ற ஐயம் அவரைப் பிடித்தது. மறுபடி சங்கீர்த்தனம், மறுபடி ஐயம் என்று போய், தம் அறையில் இருந்த குழியில் விழுந்து உயிரை விட்டுவிடலாமோ என்ற எண்ணம் வரை அது கொண்டுபோய் விட்டது. ஒரு கிழமை முழுவதும் உண்ணாமல் இருந்தார். ஆத்தும குரு உண்ணச் சொன்னபோது கீழ்ப்படிந்தார். கடைசியில், கடந்தகாலப் பாவங்களைத் திரும்பவும் சங்கீர்த்தனம் செய்வதில்லை என்று தீர்மானித்த பிறகே அமைதி கிடைத்தது. மன்னிக்கப்பட்டதை மறுபடி மறுபடி தோண்டும் நல்ல ஆத்துமாக்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களை இலேசாகக் கேலி செய்துவிடக் கூடாது. அது மெய்யான வேதனை.

அதே இஞ்ஞாசியார் தம் "ஞானப் பயிற்சிகள்" நூலில், பசாசு கள்ளக் காதலனைப் போல் நடக்கிறான் என்று எழுதினார். பெண் தன் தகப்பனிடம் சொல்லிவிடுவாளோ என்பதே கள்ளக் காதலனின் ஒரே அச்சம். விடயம் இரகசியமாய் இருக்கும்வரைதான் அவனுக்குப் பலம். ஒருவன் தன்னுடைய சோதனையை நம்பத்தக்க ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லும்போது பாதிப் பாரம் இறங்குவதற்குக் காரணம் இதுவே. அந்த ஒருவர் குருவாக இருக்கலாம், கணவனாகவோ மனைவியாகவோ இருக்கலாம், நல்ல நண்பனாகவும் இருக்கலாம். நம் சமூகத்தில் இது கடினம் என்று அறிவோம். "ஆர் என்ன நினைப்பினம்" என்ற பயம் நம் வேலிகளை விட உயரமானது.

வேலி என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. "மாம்சத்தின் ஆசைகள்" என்றதும் நம் மக்களின் நினைவு ஆறாம், ஒன்பதாம் கற்பனைகளுக்கு மட்டுமே ஓடுகிறது. சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் மாம்சத்தின் செயல்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். எண்ணிப் பாருங்கள்: அங்கே சொல்லப்பட்ட பதினைந்தில் கற்புக்கு எதிரானவை மூன்று, குடியும் களியாட்டமும் இரண்டு, விக்கிரக வழிபாடும் சூனியமும் இரண்டு. மீதி எட்டும் பகை, சண்டை, பொறாமை, கோபம், கட்சிகட்டல், பிரிவினை என்ற இனத்தைச் சேர்ந்தவை. சரீரத்தைப் படைத்தவர் கடவுளே. அது தன்னளவில் நல்லது. சடப்பொருள் எல்லாம் தீயது என்று போதித்த மனிக்கேயரோடு அகுஸ்தீன் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் திரிந்து, பிறகு அதைப் பொய் என்று கைவிட்டவர். சின்னப்பர் மாம்சம் என்று சொல்வது தோலையும் தசையையும் அன்று. கடவுளை விட்டுத் தன்னையே மையமாக வைத்துக்கொண்ட முழு மனிதனையும் ஆகும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் கோவிலுக்குள் மறுபடி வாருங்கள். எல்லைக் கதியால் அரை முழம் தள்ளிப் போடப்பட்டது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் முகம் பாராத அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் நின்று நன்மை வாங்குகிறார்கள். ஒருவர் செத்தால் மற்றவர் செத்தவீட்டுக்குப் போவதில்லை என்று சபதம் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. சகோதரியின் சீதனத்தைப் பற்றியும், வெளிநாட்டிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரின் பணத்தைப் பற்றியும் பூசை முடிந்து வெளிவாசலில் பேசப்படும் பேச்சைக் கேட்டால் காய்மகாரம் எங்கே குடியிருக்கிறது என்று தெரியும். மாம்ச பலவீனத்தில் விழுந்து வெட்கத்தோடு பின்னால் நிற்பவனைவிட, வன்மத்தை வளர்த்துக்கொண்டு வெட்கமில்லாமல் முன்னால் நிற்பவனுக்காகவே நாம் அதிகம் அஞ்சுகிறோம். முன்னவனுக்குத் தான் நோயாளி என்பதாவது தெரியும். பீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் மலைப்பொழிவில் கட்டளையிட்டது யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி, வேஷம் என்ற சொல்லுக்கு வருவோம். வேஷதாரி என்பவன் யார்? தான் இல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொள்பவன். விழுந்தவன் மறுபடி சங்கீர்த்தனத்துக்கு வந்து, விழுந்தேன் என்று சொல்வதில் என்ன வேஷம் இருக்கிறது? இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்கிறேனே, அது பொய்யாகிவிடாதா என்று கேட்பீர்கள். பிரதிக்கினை என்பது எதிர்காலத்தைப் பற்றிய சோதிடம் அன்று. இன்று, இந்த நேரத்தில் என் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லுவதே அது. நாளைக்கு விழக்கூடும் என்ற பயம் இருந்தாலும், இன்று உண்மையாகவே விழ விரும்பாதவனின் பிரதிக்கினை மெய்யானது. அது மெய்யானதா என்பதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு: பாவத்துக்கு ஏதுவான சமயத்தை விலக்க அவன் ஏதேனும் ஒன்றைச் செய்கிறானா? சம்பள நாளில் மனைவியை வேலைத்தல வாசலுக்கு வரச் சொல்கிறானா? தொலைபேசியை இரவில் சாலை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறானா? சந்தியில் அந்தக் கூட்டாளிகள் நிற்கும் பக்கத்தை விட்டுச் சுற்றுப்பாதையால் வீடு திரும்புகிறானா? இவை சிறிய காரியங்கள். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு "நற்செய்தியின் மகிழ்ச்சி" என்ற ஏட்டில், பெரிய தடைகளின் நடுவே ஒருவன் எடுத்துவைக்கும் சிறு அடி, பெரிய சிரமமின்றி ஒழுங்காக ஓடும் வாழ்க்கையைவிடக் கடவுளுக்கு உகந்ததாக இருக்கலாம் என்று எழுதினார். நற்கருணை நிறைவானவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அன்று, பலவீனருக்கு மருந்து என்றும் அதிலேயே போதித்தார். சாவான பாவத்தில் இருப்பவர் முதலில் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெறவேண்டும் என்பது மாறாத ஒழுங்கு. அந்த ஒழுங்கு கதவை அடைப்பதற்காக ஏற்பட்டதன்று. சனிக்கிழமை மாலையில் குரு அங்கே உட்கார்ந்திருப்பது ஏற்கெனவே வென்றவர்களை வரவேற்பதற்கல்ல. நாற்பதாவது தடவையாக அதே பாவத்தைச் சொல்பவரைக் கண்டு அவர் சலிப்பார் என்று எண்ணுகிறீர்களா? உண்மையைச் சொன்னால், நாற்பதாவது தடவையும் வருகிறாரே என்ற எண்ணந்தான் அவருக்கு வரும்.

430ஆம் ஆண்டு கோடையில் வண்டாலரின் படைகள் இப்போ நகரை முற்றுகையிட்டிருந்தன. நகருக்குள்ளே அகுஸ்தீன் காய்ச்சலில் படுத்திருந்தார். அவரோடு வாழ்ந்து அவருடைய வரலாற்றை எழுதிய ஆயர் பொசிதியுஸ் அந்தக் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்கிறார். திருமுழுக்குப் பெற்று நாற்பத்துமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. தாவீதின் மனத்துயர்ச் சங்கீதங்கள் சிலவற்றைத் தாள்களில் எழுதி, படுக்கையிலிருந்து பார்க்கக்கூடிய சுவரில் ஒட்டும்படி கேட்டார். வைத்தியர் வரும் வேளையும் உணவு கொண்டுவரும் வேளையும் தவிர, எவரும் உள்ளே வரவேண்டாம் என்றார். இப்படிப் பத்து நாட்கள் அவற்றை வாசித்து, கண்ணீர் விட்டு, செபித்துக்கொண்டிருந்து, ஓகஸ்ட் 28ஆந் திகதி, தம் எழுபத்தைந்தாவது வயதில் இறந்தார்.